வாசகர் கேள்வி – பதில்: பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கம்பெனிப் பாகங்களைக் கண்டறிவது எப்படி?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியவையாக இருந்ததால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் அதில் இருந்த பாகம் எது, பிற்காலத்தில் வந்து சேர்ந்தது எது என்பதே அந்தக் கடிதங்களின் கேள்வி.

கேள்வி: என் மாமனார் பல ஆண்டுகளாகக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்த ஜாக்குவார் இ-டைப் கார் இப்போது எங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது. 1962-இல் முதன்முதலாகப் பதிவான கார் இது. இடையில் பலமுறை பழுதுபார்க்கப்பட்டிருக்கிறது. இதில் எவையெல்லாம் கம்பெனிப் பாகங்கள் என்று எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது? (லெஸ்டர், இங்கிலாந்து)

பதில்: முதலில் காரைக் கழுவாதீர்கள். பல ஆண்டுகளாகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில்தான் தொழிற்சாலையில் ஒட்டிய சீட்டுகளும் சுண்ணக்கட்டியால் எழுதிய எண்களும் மை முத்திரைகளும் பிழைத்திருக்கின்றன. நீராவியையும் மண்ணெண்ணெயையும் கொண்டு ஒரே மாலையில் அவற்றையெல்லாம் அழித்துவிட முடியும். எனவே எதையும் கழற்றுவதற்கு முன்னால், ஒவ்வொரு மூலையையும் நல்ல வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து வையுங்கள். கம்பிகள் எந்த வழியாகச் செல்கின்றன, கிளிப்புகள் எந்தத் திசையில் திரும்பியிருக்கின்றன என்பவைகூட அதில் தெரிய வேண்டும்.

அடுத்து எண்கள். இ-டைப்பில் நான்கு எண்கள் முக்கியமானவை. காரின் எண், முன்பக்கச் சட்டத்தின் வலப்புறக் குறுக்குக் குழாயில், ஷாக் அப்சார்பர் பொருந்தும் இடத்துக்கு மேலே பொறிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் எண், சிலிண்டர் பிளாக்கின் வலப்பக்கத்தில் ஆயில் ஃபில்டருக்கு மேலும், சிலிண்டர் ஹெட்டின் முன்புறத்திலும் என இரண்டு இடங்களில் இருக்கும். அதன் இறுதியில் வரும் 8 அல்லது 9 என்ற இலக்கம் அழுத்த விகிதத்தைக் குறிப்பது. கியர்பாக்ஸ் எண், பெட்டியின் பின்புற இடது தோளிலும் மேல் மூடியிலும் இருக்கும். பாடி எண் ஒரு சிறு தகட்டில் தனியாக இருக்கும். இந்த நான்கையும் சேர்த்துக் காட்டும் அலுமினியத் தகடு ஒன்றும் எஞ்சின் அறைக்குள் உண்டு. ஆனால் அந்தத் தகட்டை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது, ஏனெனில் அதைப் போன்ற புதிய தகடுகள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. முன்பக்கக் குழாய்ச் சட்டமும் நடுவிலுள்ள பாடியோடு போல்ட்டால் இணைக்கப்பட்டதே. விபத்துக்குப் பின்னர் அதை மாற்றியிருந்தால், காரின் எண் பொறித்த குழாயும் அதனுடன் போயிருக்கும்.

எண்களைக் குறித்துக்கொண்டதும் ஜாக்குவார் டெய்ம்லர் பாரம்பரிய அறக்கட்டளைக்கு விண்ணப்பியுங்கள். கோவென்ட்ரியின் பிரௌன்ஸ் லேன் தொழிற்சாலைப் பேரேடுகளின் அடிப்படையில், காரின் எண்ணுக்கு உரிய எஞ்சின், கியர்பாக்ஸ், பாடி எண்களையும், முதலில் பூசிய நிறத்தையும், உள்ளலங்கார நிறத்தையும், தயாரான நாளையும், அனுப்பப்பட்ட நாளையும் காட்டும் சான்றிதழை அவர்கள் வழங்குகிறார்கள். தயாரான நாளுக்கும் பதிவான நாளுக்கும் இடையில் சில மாதங்கள் இருக்கலாம். இனி வரும் எல்லா ஒப்பீட்டுக்கும் தயாரான நாளே அளவுகோல்.

எவ்வளவு மதிப்புள்ளதாயினும், அந்தச் சான்றிதழ் கார்புரேட்டரைப் பற்றியோ டைனமோவைப் பற்றியோ ஒன்றும் சொல்லாது. அவற்றைப் பற்றி அந்தந்தப் பாகத்திடமே கேட்க வேண்டும். டைனமோ, ஸ்டார்ட்டர், வைப்பர் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றைச் செய்து கொடுத்த லூகாஸ் நிறுவனம், அவற்றின் உலோக உறையிலேயே தேதியைப் பொறித்து வந்தது. 4 62 என்று இருந்தால் 1962 ஏப்ரல். சில பாகங்களில் மாதத்துக்குப் பதிலாக வாரத்தின் எண் வரும். முதல் எண் 12-ஐத் தாண்டினால் அது வாரமாகத்தான் இருக்க முடியும். டிரிப்ளெக்ஸ் கண்ணாடிகளில் பெயரெழுத்துகளின் அருகே உள்ள சிறு புள்ளிகள் ஆண்டையும் காலாண்டையும் குறிக்கின்றன. எஸ்யு கார்புரேட்டரின் மூடித் திருகாணியில் மாட்டியிருக்கும் சிறிய உலோகச் சீட்டு, அது எந்தக் காருக்காக அமைக்கப்பட்டது என்பதைக் குறிக்கும் எண்ணைத் தாங்கியிருக்கும். பெரும்பாலோர் முதல் ஓவர்ஹாலிலேயே அந்தச் சீட்டைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். உங்கள் காரில் அது இருந்தால், அந்தத் திருகாணியைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

தேதிகளைப் படிக்கும் முறை எளிது. காரின் தயாரிப்பு நாளுக்குச் சில வாரங்களோ சில மாதங்களோ முந்தைய தேதி கொண்ட பாகம், அந்தக் காரோடு பிறந்ததாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. காரைவிடப் பிந்தைய தேதி கொண்டது ஐயத்துக்கு இடமின்றி மாற்றப்பட்டது. பல ஆண்டுகள் முந்தையதாக இருந்தால் வேறொரு காரிலிருந்து கழற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். ஒரே ஒரு தேதியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டைனமோ, ஸ்டார்ட்டர், வைப்பர் மோட்டார், கதவுக் கண்ணாடி ஆகிய நான்கும் ஒரே பருவத்தைக் காட்டினால், அந்தக் காரை யாரும் பெரிதாகக் கலைத்துப் போடவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

இவற்றோடு, காரின் காலத்துக்கே உரிய அமைப்புகளையும் பாருங்கள். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமான இ-டைப், ஓசையின்றித் தொடர்ந்து மாறிக்கொண்டே வந்த கார். முதல் 500 கார்களில் பானட்டைத் திறக்கும் பூட்டு வெளிப்புறத்திலேயே இருந்தது. 1962-இன் தொடக்கம் வரை காலடித் தளம் தட்டையாக இருந்தது, பிறகே கால் வைக்கும் பள்ளம் வந்தது. முதலில் வந்த பானட்டுகளில் காற்றுத் துளை வரிசைகள் தனித் தகடாகச் செய்து பற்றவைக்கப்பட்டவை. பிற்பாடு பானட் தகட்டிலேயே அழுத்தி எடுத்தார்கள். மின்சாரம் உண்டாக்குவது 3.8 லிட்டர் கார்களில் டைனமோ, 1964 அக்டோபரில் வந்த 4.2 லிட்டர் கார்களில் ஆல்டர்னேட்டர். 3.8 காரின் மாஸ் கியர்பாக்ஸில் முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது. ஓட்டுவதற்கு இலகுவாக இருக்கட்டும் என்று பலர் பின்னால் 4.2 காரின் கியர்பாக்ஸைப் பொருத்திக்கொண்டார்கள். உங்கள் காரிலும் எண் ஒத்துவரவில்லை என்றால், கொட்டகையின் மூலைகளையும் அடுக்குகளையும் ஒருமுறை துருவிப் பாருங்கள். கழற்றிய பழைய கியர்பாக்ஸை எறிய மனமின்றிச் சாக்கில் சுற்றி வைக்கும் வழக்கம் அந்தத் தலைமுறைக்கு உண்டு.

கடைசியாக, போல்ட்டுகள். இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நான் மிகவும் மதிப்பது இதைத்தான். அக்காலப் பிரிட்டிஷ் போல்ட்டின் தலையில் பீஸ், ஜிகேஎன் போன்ற தயாரிப்பாளர் பெயர்கள் புடைத்து நிற்கும். அதே இடத்தில் 8.8 என்று பொறித்த மில்லிமீட்டர் போல்ட் இருந்தால், அங்கே பிற்காலத்தில் ஒரு கை புகுந்திருக்கிறது என்று பொருள். தலையின் முனைகள் மழுங்காமல், வர்ணத்தின் மேல் ஸ்பேனர் பட்ட தழும்பும் இல்லாமல் ஒரு போல்ட் இருந்தால், அது பிடித்து நிற்கும் பாகம் ஒருபோதும் கழற்றப்படவில்லை என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

கேள்வி: எங்கள் 1965 எம்ஜிபி காரின் எஞ்சின் எண் பாரம்பரியச் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகவில்லை. எஞ்சின் பொன்னிறத்தில் இருக்கிறது. ஏமாற்றப்பட்டோமா? (பர்மிங்காம், இங்கிலாந்து)

பதில்: அந்தப் பொன்னிறமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. எம்ஜிபியைத் தயாரித்த பிஎம்சி நிறுவனம், தேய்ந்த எஞ்சினை வாங்கிக்கொண்டு, புதுப்பித்த எஞ்சினை மாற்றாகக் கொடுக்கும் திட்டத்தைத் தன் விற்பனையாளர்கள் வழியே நடத்தியது. கோல்டு சீல் என்ற பெயரில் வந்த அந்த எஞ்சின்கள் பொன்னிறத்தில் இருக்கும், எண்ணும் வேறாக இருக்கும். உங்கள் காரில் முதலில் இருந்தது எம்ஜி கார்களைக் கட்டிய ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து அரக்குச் சிவப்பு நிறத்தில் வந்த எஞ்சினாக இருந்திருக்கும். ஆகவே இது காரோடு பிறந்த எஞ்சின் அல்ல. ஆயினும் தயாரித்த நிறுவனமே முறைப்படி கொடுத்த மாற்று என்பதால் இதைப் போலி என்று சொல்ல இடமில்லை. விற்றவர் இதை மறைத்து, முதல் எஞ்சின் என்று எழுதிக் கொடுத்திருந்தால் மட்டுமே ஏமாற்று.

வேறொன்றையும் சரிபாருங்கள். 1798 சிசி கொண்ட இந்த எஞ்சின் முதலில் மூன்று பேரிங்குகள் தாங்கும் கிராங்க் ஷாஃப்டோடு வந்தது. 1964 அக்டோபரிலிருந்து ஐந்து பேரிங். ஐந்து பேரிங் எஞ்சினின் எண் 18ஜிபி என்று தொடங்கும். உங்கள் 1965 காருக்குச் சான்றிதழ் காட்டும் எண்ணும் அப்படியே தொடங்க வேண்டும். பின்னாளில் முதல் எஞ்சின் எங்கேனும் தென்பட்டால் அடையாளம் காண அது உதவும். பழைய கார்ச் சங்கங்கள் வழியாகத் தன் காரை விட்டுப் பிரிந்த எஞ்சின் மறுபடியும் அதே காருக்கு வந்து சேர்ந்த நிகழ்வுகள் உண்டு.

கேள்வி: எம்ஜிபி கார் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். பாடி முழுவதும் துருவே இல்லாமல் இருக்கிறது. அசல் அச்சில் செய்த பாடி என்கிறார் விற்பவர். அப்படியென்றால் அது கம்பெனி பாடிதானே? (டொரான்டோ, கனடா)

பதில்: அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பொருள் சரியன்று. எம்ஜிபி உற்பத்தி 1980-இல் நின்றது. தகடுகளை அழுத்தி வடிக்கும் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்த பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம், 1988 முதல் அவற்றைக் கொண்டே புதிய பாடிகளைச் செய்து விற்று வருகிறது. தரமானவை, பல கார்களைக் குப்பைக்குப் போகாமல் காத்தவை. எனினும் 1988-க்குப் பிறகு அழுத்திய தகடு, கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் தகடாக முடியாது. விலையைப் பேசும்போது, புதிய பாடியில் கட்டிய கார் என்ற நிலையிலிருந்தே பேசுங்கள். ஓட்டி மகிழ்வதுதான் நோக்கம் என்றால் இதைவிட நல்ல கார் அமைவது அரிது.

கேள்வி: போர்ஷே 356 காரின் முன் மூடியைத் திறந்தபோது உட்புறச் சட்டத்தில் சில இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். அவை என்ன? (ஸ்டுட்கார்ட், ஜெர்மனி)

பதில்: உங்கள் ஊரிலேயே நடந்த கைவேலையின் தடம் அது. 356-இன் மூடிகளையும் கதவுகளையும் ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாகக் கையால் இழைத்துப் பொருத்தினார்கள். வர்ணம் பூசக் கழற்றும்போது ஒன்றின் கதவு இன்னொன்றுக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகக் காரின் எண்ணில் உள்ள கடைசி இலக்கங்களை அவற்றில் பொறித்தார்கள். உங்கள் காரின் எண்ணோடு ஒப்பிடுங்கள். முன் மூடி, எஞ்சின் மூடி, இரண்டு கதவுகள் நான்கிலும் இலக்கங்கள் ஒத்திருந்தால், பெரிய விபத்து ஏதுமின்றி வந்த கார் என்பதற்கு நல்ல அடையாளம். வர்ணத்தைச் சுரண்டும் ஆட்களிடம் இந்த இடத்தில் உப்புத்தாளைக் கொண்டுபோக வேண்டாம் என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எஞ்சின் எண்ணை அழித்துவிட்டு வேறு எண்ணைப் பொறித்திருக்கிறார்களா என்று கண்ணால் பார்த்தே அறிய முடியுமா? (சிங்கப்பூர்)

பதில்: பல நேரங்களில் முடியும். தொழிற்சாலையில் எண் பொறிக்கும் பரப்பை இயந்திரம் சீவியிருந்தால், அதில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும். எண் அந்தக் கோடுகளின் மேல் விழுந்திருக்கும். பழைய எண்ணை அரைத்து எடுத்தவர்கள் அந்தக் கோடுகளையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். அங்கே வட்டமான கிறுக்கலோ வழவழப்போ இருக்கும், விரலால் தடவினால் சுற்றுப்புறத்தைவிடச் சற்றே தாழ்வாகவும் தோன்றும். இலக்கங்களின் வடிவத்தை அதே ஆண்டின் ஐயமற்ற காரில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். இலக்கங்கள் சிறிது கோணலாக இருப்பது மட்டும் குற்றமாகாது, கையால் அடித்த எண்கள் அப்படித்தான் இருக்கும். ஐயம் எழுந்தால் அந்தக் காரைப் பற்றி நன்கறிந்தவரை அழைத்துப் பாருங்கள், அதற்குள் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். காருக்கு உரிய எஞ்சின் கிடைக்கவில்லை என்பதற்காக, கிடைத்த எஞ்சினில் பழைய எண்ணைப் பொறித்துக்கொள்ளச் சொல்லும் ஆலோசனைக்கு ஒருபோதும் இணங்காதீர்கள். அது காரின் வரலாற்றைத் திருத்தி எழுதுவது, அடுத்து வாங்குபவரை வஞ்சிப்பது.

கேள்வி: கம்பளத்தைத் தூக்கியபோது அடியில் முதல் நிறம் அப்படியே இருப்பது தெரிந்தது. இருக்கைத் தோலும் வெடித்திருந்தாலும் பழையதே. முழுவதையும் புதுப்பித்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். (குரோய்டன், இங்கிலாந்து)

பதில்: மறுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. இதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஒரு காரை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். முதல் பூச்சும் முதல் தோலும் ஒருமுறை போனால் திரும்ப வராது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவாவின் டுரின் சாசனமும், புதுப்பிப்பதைவிடப் பாதுகாப்பதற்கே முதலிடம் தருகிறது. சந்தையும் இந்தப் பக்கம் திரும்பி நெடுநாள் ஆகிறது. நியூகாசலில் ஒரு மருத்துவரின் கராஜில் பல்லாண்டு பூட்டிக் கிடந்த புகாட்டி 57எஸ், 2009-இல் பாரிஸ் ஏலத்தில் தூசியோடும் துருவோடும் 34 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. அது ஏர்ல் ஹவ் என்ற பிரிட்டிஷ் பிரபு முதலில் வாங்கிய கார், அதன் சேசிஸ், எஞ்சின், பாடி மூன்றும் முதலில் இருந்தவையே. 2015-இல் பிரான்ஸின் பையோன் குடும்பச் சேகரிப்பிலிருந்து வந்த ஃபெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடரும் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த அதே கோலத்திலேயே ஏலத்துக்கு வந்து, 1 கோடியே 60 லட்சம் யூரோவைத் தாண்டியது. உங்கள் கார் அந்த விலைக்குப் போகாது, போக வேண்டியதும் இல்லை. வெடித்த தோலுக்கு மென்மையூட்டும் பூச்சு கொடுத்து, கிழிசலுக்கு அடியில் துணி வைத்துத் தாங்கலாம். வர்ணத்தை மெழுகிட்டுக் காக்கலாம். துரு தகட்டைத் தின்றுகொண்டிருக்கும் இடத்தில் மட்டும் டிங்கர் வேலையும் பட்டிப் பூச்சும் செய்யுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பிரேக் ஹோஸ், பிரேக் சிலிண்டர் ரப்பர்கள், டயர், பெட்ரோல் குழாய் ஆகியவை எவ்வளவு அசலாக இருந்தாலும் ஓடும் காரில் இருக்கக்கூடாதவை. கழற்றிய அசல்களைத் தேதியும் இடமும் எழுதிய சீட்டோடு ஒரு பெட்டியில் வையுங்கள். புதியதைப் பொருத்தி ஓட்டுங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா வைத்திருந்த 1949 எம்ஜி டிசி காரை வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய விரும்புகிறோம். பாகங்கள் அசலாக இருக்க வேண்டும் என்கிறார்கள். உள்ளூர் மெக்கானிக்கோ, எஞ்சினின் போல்ட்டுகள் மில்லிமீட்டர் மரையாக இருப்பதால் இது பிரிட்டிஷ் எஞ்சினே அல்ல என்கிறார். (கோயம்புத்தூர்)

பதில்: 2021-இல் மத்திய அரசு திருத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் முதல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுகள் செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எண் தகட்டில் மாநில எழுத்துகளை அடுத்து விஏ என்று வரும். ஏற்கெனவே பதிவான வாகனம் தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். தாத்தா காலத்து ஆர்.சி. புத்தகம் இருந்தால் அதைவிடப் பெரிய ஆவணம் உங்களுக்குத் தேவையில்லை. கண்காட்சி, வின்டேஜ் பேரணி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே சாலையில் ஓட்டலாம், அன்றாடப் பயணத்துக்கு அனுமதி இல்லை.

மெக்கானிக் கண்டது சரி, அவர் சொன்ன முடிவு தவறு. டிசியின் 1250 சிசி எக்ஸ்பிஏஜி எஞ்சினுக்கு ஒரு விந்தையான பிறவிக் குணம் உண்டு. மோரிஸ் நிறுவனத்தின் எஞ்சின் தொழிற்சாலை முன்பு பிரெஞ்சு ஹோட்ச்கிஸ் நிறுவனத்துடையது; அங்கிருந்த இயந்திரங்களின் வழியாக மெட்ரிக் மரை தொடர்ந்து வந்தது. ஆனால் இங்கிலாந்து மெக்கானிக்குகளிடம் இருந்தது விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு ஸ்பேனர் என்பதால், போல்ட்டின் தலையை மட்டும் அதற்கேற்ற அளவில் செய்தார்கள். ஆக, மரை மில்லிமீட்டரிலும் தலை விட்வொர்த் அளவிலும் உள்ள போல்ட், இந்த எஞ்சினைப் பொறுத்தவரை அசலுக்கே அடையாளம். இன்று கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் போல்ட்டின் மரை இடைவெளி இதற்குப் பொருந்தாமல் போகக்கூடும். திருகிப் பார்த்து வலுக்கட்டாயமாக இறுக்கினால் பிளாக்கில் உள்ள மரை அழிந்துவிடும். எனவே பழைய போல்ட்டுகள் ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்தைக் குறித்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் எண்ணைத் தாங்கிய எண்கோணத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். எம்ஜியின் சின்னமே எண்கோணம் என்பதால் அதையும் அவ்வடிவில் செய்தார்கள். பிறகு கதவைத் திறந்து பாடியின் மரச்சட்டத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் டிசியின் பாடிக்கு ஆஷ் மரத்தில் சட்டம் அடித்து, அதன் மேல் தகடு வேய்ந்தார்கள். உங்கள் காரில் தேக்கோ வேறு நம்மூர் மரமோ இருந்தால், அந்தப் பகுதி இங்கே தச்சர் கையால் மறுபடி கட்டப்பட்டது. சட்டம் முழுவதும் மாறியிருக்கிறதா, ஒருசில துண்டுகள் மட்டுமா என்பதைப் படத்தோடு எழுதி, விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். பரிசோதிக்க வருபவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. உளுத்துப்போன ஆஷ் துண்டுகள் ஏதேனும் எஞ்சியிருந்தால் அவற்றையும் எறியாதீர்கள், பின்னொரு நாள் சரியான அளவில் புதிய சட்டம் அறுக்க அவைதாம் தச்சருக்கு மாதிரி.

கேள்வி: ஸ்டீயரிங் சக்கரத்தின் மரப்பிடி விரிசல் விட்டிருக்கிறது. புதியதை வாங்கிவிட்டேன். பழையதை இணையத்தில் விற்கலாமா? (மெல்போர்ன், ஆஸ்திரேலியா)

பதில்: விற்காதீர்கள். புதியதைப் பொருத்தி ஓட்டுங்கள், பழையதைக் காருடனேயே வையுங்கள். விரிசலை எப்பாக்ஸி பசையால் நிரப்பிச் சீர்செய்யும் நல்ல கைவினைஞர்கள் இருக்கிறார்கள். காரை விற்க நேரும் நாளில் அதையும் சேர்த்தே கொடுங்கள்.